பன்னிரண்டு கட்டம், அரை நூல் கணக்கு

எட்டாவது கட்டத்தை எம்பிராய்டரி ஃப்ரேமிலிருந்து கழற்றி மேஜையில் விரித்தேன். பூ நன்றாகத்தான் வந்திருந்தது. துணிதான் உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்துக் கிடந்தது. மேல் விளிம்பில் 12½ இன்ச், கீழ் விளிம்பில் 12½, நடுவில் 12¼. வெட்டும்போது எல்லா இடத்திலும் 12½ இருந்த துணி. நானே வெட்டியது, இரண்டு முறை அளந்தது.

இந்தக் குவில்ட்டை, அதாவது துணித்துண்டுகளைக் கட்டம் கட்டமாக இணைத்துத் தைக்கும் போர்வையை, தொடங்கியதே இப்படி எதிலாவது இடறிக் கற்றுக்கொள்ளத்தான் என்பதால் யார்மீதும் கோபித்துக்கொள்ள முடியவில்லை. நேர்த்தையல் எனக்குப் பல வருடப் பழக்கம். ஒட்டுத்துணி வேலையும் மெஷின் எம்பிராய்டரியும்தான் அரைகுறை. பெரிதாக ஒன்றைத் தொடங்கிப் பாதியில் மூட்டைகட்டி அலமாரிமேல் போடுவதை இரண்டு முறை செய்தாயிற்று. அதனால் இந்த முறை 12 கட்டம், ஒவ்வொன்றிலும் நான் இதுவரை தொடாத ஒரு வேலை என்று வைத்துக்கொண்டேன். தைத்து முடித்தபின் ஒவ்வொரு கட்டமும் 12 இன்ச் சதுரம்; தையலுக்குப் பக்கத்துக்குக் கால் இன்ச் விட்டால் 12½. கட்டங்களுக்கு இடையிலும் சுற்றிலும் 2 இன்ச் பட்டி. அகலத்துக்கு மூன்று, நீளத்துக்கு நான்கு. மொத்தம் 44க்கு 58. ஒரு கட்டம் கெட்டாலும் நட்டம் ஒரு சதுரத் துணியோடு போய்விடும் என்பது என் கணக்கு. போகாது என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் கட்டம் ஒன்பது சதுரம். இதைவிட எளிது எதுவும் இல்லை: 4½ இன்ச்சில் ஒன்பது துண்டு, மூன்று மூன்றாக ஒட்டினால் 12½ வரவேண்டும். எனக்கு வந்தது 12⅜. கால் இன்ச் விட்டுத்தானே தைத்தேன் என்று ஸ்கேலை வைத்துப் பார்த்தால், தையல் சரியாகக் கால் இன்ச்சில்தான் ஓடியிருக்கிறது. தப்பு அங்கேதான். தைத்த துண்டுகளை விரித்து இஸ்திரி போடும்போது துணி மடிகிறது; அந்த மடிப்பும் நூலின் தடிமனும் கொஞ்சம் இடத்தைச் சாப்பிடுகின்றன. தச்சர்களும் கொத்தனார்களும் இன்ச்சை எட்டு நூலாகப் பிரிப்பார்கள் இல்லையா, அந்தக் கணக்கில் ஒவ்வொரு தையலுக்கும் அரை நூல் போயிருந்தது. இரண்டு தையலுக்கு ஒரு நூல். ஒன்பது சதுரத்தில் இது ஒன்றுமில்லை. ஒரு வரிசையில் எட்டுத் தையல் வருகிற கட்டமாக இருந்தால் அரை இன்ச் காணாமல் போயிருக்கும்.

அதனால் தைக்கும்போது கால் இன்ச்சுக்கு ஒரு இழை குறைவாக விட்டுத்தான் தைக்கவேண்டும். எவ்வளவு குறைவு என்பது மெஷினுக்கு மெஷின், நூலுக்கு நூல் மாறும். சோதிக்க ஒரு வழி உண்டு. 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டி வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு அளக்க வேண்டும். மொத்தம் 3½ வந்தால் சரி. எனக்கு முதல் தடவை 3⅜. ஊசியை வலது பக்கம் ஒரு புள்ளி நகர்த்தினேன், 3½ வந்தது. அந்த இடத்தில் தையல் தட்டின்மேல் மூன்று அடுக்காக டேப் ஒட்டிச் சின்ன வரப்பு மாதிரி ஆக்கிவிட்டேன். துணி அதை உரசிக்கொண்டே போனால் கண் அங்கே இருக்கவேண்டிய அவசியமே இல்லை. பட்டி தைக்க 50 எண் பருத்தி நூல் போட்டேன். எண் கூடக்கூட நூல் மெலியும். மெல்லிய நூல் மடிப்பில் அவ்வளவாக இடம் எடுக்காது.

இரண்டாவது, நடுவில் ஒரு சதுரம் வைத்துச் சுற்றிலும் பட்டி அடுக்கிக்கொண்டே போகும் 'மரக்குடில்' கட்டம். நடுச்சதுரம் சிவப்பில் வைப்பது பழைய வழக்கம். வீட்டு நடுவே எரியும் அடுப்பு என்பார்கள். நானும் சிவப்புதான் வைத்தேன். ஐந்து சுற்று, இருபது பட்டி. டேப் வரப்பு வேலை செய்தது, 12½ சரியாக வந்தது. இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

மூன்றாவதில் முக்கோணம் வந்தது, கூடவே தலைவலியும். இரண்டு சதுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, கோட்டிலேயே வெட்டினால் இரு நிறமுள்ள சதுரம் இரண்டு கிடைக்கும். முடிந்தபின் 3 இன்ச் வேண்டுமானால் கணக்குப்படி 3⅞ வெட்டவேண்டும். நான் அந்த ⅞ஐ மறந்துவிடலாம் என்று சொல்வேன். 4 இன்ச்சாக வெட்டித் தைத்துவிட்டு, பிறகு 3½க்குச் சீவிக்கொள்வதே நிம்மதி. சீவும்போது ஸ்கேலின் மூலைவிட்டக் கோடு தையலின் மேல் உட்காரவேண்டும், அவ்வளவுதான்.

என் பிரச்சினை அளவில் இல்லை, இஸ்திரியில். கிராஸாக, அதாவது மூலைவாக்கில், வெட்டிய விளிம்பு இழுத்தால் நீளும் என்பது தையல் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ரவிக்கையின் கழுத்துப் பட்டியில் அதை வேண்டுமென்றே பயன்படுத்துவோம். ஆனால் இஸ்திரிப் பெட்டியைப் பழக்க தோஷத்தில் முன்னும் பின்னும் தேய்த்தபோது, அதே கிராஸ் விளிம்பு என் சதுரங்களைச் சாய்சதுரமாக்கிவிட்டது. பதினாறில் ஆறு போயிற்று. பெட்டியைத் தேய்க்கக் கூடாது. வைக்கவேண்டும், அழுத்தவேண்டும், தூக்கவேண்டும். அதோடு, வெட்டுவதற்கு முன்பே துணிக்கு நல்ல கஞ்சி போட்டுக் காகிதம் மாதிரி விறைப்பாக்கிக்கொண்டால் கிராஸ் விளிம்பு பாதி அடங்கிவிடும். அடுத்த கட்டத்தில் பறக்கும் வாத்து வரிசை, ஒவ்வொரு வாத்தும் ஒரு முக்கோணம். 7¼ இன்ச் பெரிய சதுரம் ஒன்று, 3⅞ சின்னச் சதுரம் நான்கு, ஒரு தடவையில் நான்கு வாத்து. கஞ்சி போட்டேன், ஒரு வாத்தும் மூக்கு அறுபடவில்லை. வளைவுத் தையல் கட்டம் ஐந்தாவது. உள்வளைந்த துண்டு மேலே, வெளிவளைந்தது கீழே, நடுவில் ஒரு குண்டூசி, மெதுவாக. பயந்த அளவுக்கு இல்லை.

ஆறாவது, காகிதத்தின்மேல் தைக்கும் முறை. படத்தைக் காகிதத்தில் அச்செடுத்து, துணியைக் காகிதத்தின் பின்பக்கம் வைத்து, காகிதத்தில் தெரியும் கோட்டின்மேலேயே தைப்பது. ஒல்லியான கூர்முனைகளெல்லாம் அவ்வளவு சுத்தமாக வருவது இதில்தான். ஊசி 90 எண், தையல் நீளம் 1.5 மில்லிமீட்டர். துளை நெருக்கமாக விழுந்தால்தான் கடைசியில் காகிதம் தபால்தலை மாதிரி கிழிந்து வரும். நான் முதலில் வழக்கமான 2.5இல் தைத்துவிட்டு, காகிதத்தை இழுத்தபோது தையலே வாய்பிளந்தது.

இதில் மூளை ஒரு குட்டிக்கரணம் போடவேண்டும். துணி காகிதத்தின் அந்தப் பக்கம் இருக்கிறது, நாம் இந்தப் பக்கம் பார்த்துத் தைக்கிறோம். புதுத் துண்டு வைக்கும்போது வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப்பிடித்து, கோட்டைத் தாண்டிக் கால் இன்ச்சாவது துணி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை: முடிந்த படம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி வரும். நான் வரைந்தது எதிரெதிரே பார்த்துக்கொள்ளும் இரண்டு பறவைகள், 6 இன்ச் அகலத்தில் தனித்தனிப் பாதிகளாக. தைத்து முடித்துப் பக்கம் பக்கமாக வைத்தால் இரண்டும் சொத்துத் தகராறு வந்த பங்காளிகள் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு பறவையிலும் பதினேழு துண்டு. பிரிப்பதா, விடுவதா என்று தெரியாமல் படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"ஏண்டி, இன்னும் ரெண்டையும் சேர்த்துத் தைக்கலைதானே?"

"இல்லக்கா."

"அப்ப இதை அந்தப் பக்கம் வை, அதை இந்தப் பக்கம் வை."

அக்கா தையல் மெஷினைத் தொட்டதே இல்லை. ஏழாவது கட்டத்தை அன்றைக்குத் தொடவில்லை, வெட்கமாக இருந்தது.

சரி, உடுக்கைக்கு வருவோம். என் மெஷினின் ஃப்ரேம் 130க்கு 180 மில்லிமீட்டர். பூ 125 மில்லிமீட்டர் வட்டம், நிரப்புத் தையல் அடர்த்தியாக, திரையில் காட்டியது 18,000 தையல். இதழுக்குள் நூல் கொஞ்சம்கூட இடைவெளி விடாமல் நிறைந்து பளபளவென்று இருந்தது. அந்த ஒவ்வொரு தையலும் துணியைக் கொஞ்சம் கிள்ளி இழுக்கிறது. மேல்நூல் பாலியஸ்டர், டென்ஷனில், அதாவது மெஷின் பிடிக்கும் இறுக்கத்தில், லேசாக நீண்டபடியே துணிக்குள் போய், ஃப்ரேமை விட்டதும் தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. தையல் ஓடுகிற திசையில் துணி சுருங்கும், அதற்குக் குறுக்கே கொஞ்சம் பிதுங்கும். அதனால்தான் திரையில் வட்டமாக இருக்கும் பொட்டு துணியில் கோழிமுட்டையாகிறது. வடிவமைப்பவர்கள் இதைத் தெரிந்தே அந்தத் திசையில் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். ஆனால் பூவின் வடிவத்தைத்தான் அவர்களால் காப்பாற்ற முடியும். சுற்றியுள்ள துணி நம் பொறுப்பு.

என் பக்கத்துத் தப்புகள் மூன்று. துணியை முன்கூட்டியே 12½க்கு வெட்டியது முதல் தப்பு. துணியைத் தாங்க அடியில் வைக்கும் ஸ்டெபிலைசர் தாளில், கிழித்தெடுக்கும் ரகம் ஒன்றே ஒன்று வைத்தது இரண்டாவது. அது லேசான கோட்டு வேலைக்குத்தான் தாங்கும். 18,000 தையலில் பாதி வழியிலேயே துளைபட்டு, தபால்தலைக் காகிதம் மாதிரி தானாகப் பிரிந்துவிட்டது. மூன்றாவதுதான் எல்லாரும் செய்வது: ஃப்ரேமை இறுக்கியபின் ஓரத்துணியைப் பிடித்து இழுத்து முறுக்கேற்றினேன். தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் கேட்டது, பெருமையாக இருந்தது. இழுத்த நிலையில் பூ பதிந்துவிட்டது. கழற்றியதும் துணி தன் இடத்துக்குத் திரும்பியது, பூ திரும்பவில்லை. சுற்றிலும் சூரியக் கதிர் மாதிரி சுருக்கம்.

கட்டத்தைத் தூக்கிப்போட மனமில்லை. இங்கேதான் என் 'ஒரு சதுரத் துணியோடு போகும்' கணக்கும் பொய்த்தது. பட்டி 12½க்கு வெட்டியாயிற்று, பக்கத்துக் கட்டங்களும் 12½. ஒரு நூல் குறைந்தால் இழுத்து ஒப்பேற்றலாம், முதல் கட்டத்தில் அதைத்தான் செய்தேன். கால் இன்ச்சை இழுத்தால் பட்டி முழுக்க அலையடிக்கும். மற்றவற்றை 12¼க்குச் சீவலாம் என்றால், விளிம்பிலிருந்து கால் இன்ச்சில் நிற்கும் முக்கோண முனைகளெல்லாம் வெட்டுப்படும். கடைசியில் பூவை நடுவில் வைத்து 9½ இன்ச்சுக்குச் சீவினேன். நடுப்பகுதியைச் சுற்றிய சுருக்கத்தை ஆவி விட்டு அழுத்தியதில் முக்கால்வாசி அடங்கியது. பிறகு 2 இன்ச் அகலப் பட்டி நான்கு பக்கமும். 9 இன்ச், இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை, மொத்தம் 12. பார்ப்பவர்களுக்குப் படச்சட்டம் போட்ட பூ.

ஒன்பதாவது ஃப்ரேமுக்குள்ளேயே அப்ளிக், அதாவது ஒரு துணியின்மேல் வேறு துணியை உருவமாக வைத்துத் தைப்பது. மெஷின் முதலில் ஒரு கோடு போட்டுக் காட்டும். அதை மூடுகிற மாதிரி வண்ணத்துணியை வைக்கவேண்டும். அது ஒரு சுற்று தைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். நாம் மிச்சத்துணியைத் தையலை ஒட்டிக் கத்தரிக்கவேண்டும். அதன்பின் சாடின் என்னும் நெருக்கமான தையலில் விளிம்பை மூடிவிடும். கத்தரிக்க ஃப்ரேமை மெஷினிலிருந்து கழற்றலாம். ஃப்ரேமிலிருந்து துணியைக் கழற்றவே கூடாது. நான் கழற்றினேன். என் பட்டாம்பூச்சியின் வலது இறக்கைக்கு நிழல் விழுந்த மாதிரி ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி சாடின் ஓடிற்று. வாத்து மூக்குக் கத்தரிக்கோல் என்று ஒன்று உண்டு; அடித்துணியைத் தட்டையான மூக்கால் அமுக்கிப்பிடித்துக்கொண்டு மேல்துணியை மட்டும் வெட்டும். கொஞ்ச நாள் யோசித்துத்தான் வாங்கினேன், இன்னும் முன்னாலேயே வாங்கியிருக்கலாம்.

பத்தாவது சிவப்புக் கோட்டுச் சித்திரம். வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் வெறும் கோடு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது பரவியதற்குக் காரணமே சாயம் போகாத சிவப்புப் பருத்தி நூல் கிடைத்ததுதான். தையல் குறைவு என்பதால் சுருக்கமும் இல்லை. கிழித்தெடுக்கும் ஸ்டெபிலைசர் இங்கே போதும்.

பதினொன்றில் அதே பூவை மறுபடி போட்டேன். விடுவேனா? இந்த முறை துணி 15 இன்ச். கஞ்சி போட்டு, வெட்டியெடுக்கும் ரக ஸ்டெபிலைசரை மட்டும் ஃப்ரேமில் இறுக்கி, துணியை அதன்மேல் ஒட்டுத்தெளிப்பு போட்டுப் படியவைத்து, ஓரங்களில் நூல் ஓட்டினேன். துணி ஃப்ரேமுக்குள் மாட்டவே இல்லை. இழுக்க வழியும் இல்லை, ஃப்ரேமின் தடமும் விழாது. புது 75 எண் எம்பிராய்டரி ஊசி. வேகத்தை நிமிடத்துக்கு 800 தையலிலிருந்து 600க்குக் குறைத்தேன். அடியில் 60 எண் பாபின் நூல், மேலே 40. முதலில் ஒரு துணித்துண்டில் சாடின் தையல் ஓட்டிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல், இரண்டு பக்கமும் மேல்நூல் என்று தெரிந்தால் டென்ஷன் சரி. முதல் பூவின்போது பின்பக்கம் பாபின் நூலே முக்கால்வாசி தெரிந்தது. மேல்நூல் அவ்வளவு இறுக்கம், அப்புறம் துணி ஏன் சுருங்காது?

முடிந்ததும் கெட்டியான துண்டுமேல் பூவைக் கவிழ்த்துப் பின்பக்கம் அழுத்தினேன், தையல் நசுங்காமல் மேலெழும்பி நிற்கும். ஸ்டெபிலைசரைப் பூவைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டினேன். கடைசியாகச் சீவல். துணி விளிம்பைப் பார்க்காமல் பூவின் நடுப்புள்ளியை வைத்து, நான்கு பக்கமும் 6¼ அளந்து வெட்டினேன். 12½. துணியும் நேராகக் கிடந்தது. சுருங்கவில்லை என்று சொல்லமாட்டேன், சுருங்கியதைச் சீவி எறிந்துவிட்டேன்.

பன்னிரண்டாவது கட்டம் வெறும் ஒரே துணி, அதில் கைபோன போக்கில் குவில்ட் தையல். கட்டங்களையும் பட்டிகளையும் இணைத்த மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் அடுக்கி, கைமுஷ்டி அகலத்துக்கு ஒரு சேஃப்டி பின் குத்தி, மொத்தக் குவில்ட்டையும் மெஷினடியில் நுழைத்தேன். பட்டிகளின் தையல் பள்ளத்தில் முதலில் நேர்கோடு ஓட்டினேன், மூன்று அடுக்கையும் சேர்த்து நகர்த்தும் ஃபுட் (துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதம்) போட்டு. அதன்பின் துணியைத் தள்ளும் பற்களை இறக்கிவிட்டு, துணியைக் கையால் நகர்த்திக் கோலம் போடுகிற மாதிரி தைப்பது. தையல் நீளம் இப்போது மெஷினில் இல்லை, கைக்கும் காலுக்கும் இடையில் இருக்கிறது. கை முந்தினால் நீட்டமாகும், கால் முந்தினால் ஒரே இடத்தில் குவியும். வளைவில் கை வேகமெடுத்தால் பின்பக்கம் இமைமயிர் மாதிரி நூல் வரிசையாக இழுபட்டு நிற்கும்.

முதல் பத்து நிமிடத்தில் அடியில் குருவிக்கூடு. மேலே தையல் அழகாக இருக்கிறது, திருப்பினால் பந்துபந்தாக நூல். அடியில் கூடு கட்டினால் பாபினைக் குடைவதுதான் எல்லாருக்கும் தோன்றுவது. நானும் குடைந்தேன், பாபினை மாற்றினேன், திருகைத் திருகினேன். காரணம் மேலே இருந்தது. ஃபுட்டை இறக்கி வைத்தபடி நூல் கோத்திருந்தேன். ஃபுட் இறங்கியிருந்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கிடையே போகாமல் மேலேயே ஓடிவிடும், பிடிப்பே இருக்காது. ஃபுட்டைத் தூக்கிவைத்து மறுபடி கோத்தேன், கூடு நின்றது. அதோடு, தொடங்கும் முன் பாபின் நூலை ஒரு தையலில் மேலே இழுத்து, இரண்டு நுனியையும் விரலால் பிடித்துக்கொள்ளும் பழக்கமும் அன்றைக்குத்தான் வந்தது. எம்பிராய்டரி பூக்களின்மேல் தைக்கப் போகவில்லை. அடர்த்தியான இடத்தில் ஊசி முறியும். இதழைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் ஓட்டினேன், பூ கொஞ்சம் பொம்மிக்கொண்டது.

ஓரப்பட்டிக்குச் சுற்றளவு 204 இன்ச். மூலைக்கும் இணைப்புக்கும் பத்து சேர்த்தால் 214. 42 இன்ச் அகலத் துணியில் 2½ இன்ச் பட்டி ஆறு.

பஞ்சு விரிப்பு பருத்தி, தண்ணீரில் நனைக்காமல்தான் வைத்தேன், துவைத்தபின் வரும் அந்தப் பழைய போர்வைச் சுருக்கம் வேண்டும் என்பதற்காக. காய்ந்தபின் டேப்பைப் போட்டேன்: 44 இருந்தது 42¾ ஆகியிருந்தது, 58 இருந்தது 56¼. அரை நூலுக்கு டேப் வரப்பு கட்டியவளிடமிருந்து தண்ணீர் அகலத்தில் மட்டுமே ஒன்றேகால் இன்ச்சை எடுத்துக்கொண்டது. மற்றக் கட்டங்களெல்லாம் சேர்ந்து சுருங்கி மெத்தென்று ஆகியிருந்தன. இரண்டு பூ மட்டும், அடர்த்தியான தையலும் அடியில் ஸ்டெபிலைசரும் இருப்பதால், சுருங்காமல் வழவழவென்று நின்றன. சட்டம் போட்ட பூவைச் சுற்றி ஒரு குழிவு விழுந்திருக்கிறது. பதினொன்றாம் கட்டத்துப் பூவைச் சுற்றியும் அதே குழிவு.